கோதுமையை விலக்கிய உணவு

நெல் விளையும் கல்முனைக் கரையிலே கோதுமையை விலக்கி உண்பது எளிதென்றே எவரும் எண்ணுவர். சீலியாக் நோயுடையார்க்கு அஃது அத்துணை எளிதன்று.

கோதுமையிலும் வாற்கோதுமையிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் அன்னாரின் சிறுகுடலைப் பழுதாக்குகின்றது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராமையால் குழந்தைகளின் வளர்ச்சி குன்றுகின்றது. ஒல்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமைமீது முன்னரே ஐயங்கொண்டிருந்தார். 1944-45 பஞ்சத்திலே அந்நாட்டிற் பாண் அரிதாயிற்று. இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டதும் நோயும் மீண்டது. 1950இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்கு உணவு ஒழுக்கமே மருந்து.

அரிசியிலும் குரக்கனிலும் குளூட்டன் இல்லை. இடர் கலப்பிலேதான் உளது. இடியப்பத்திலும் பிட்டிலும் கோதுமை மா சேர்வதுண்டு. பெருங்காயத்திலும் சோயா சோசிலுங்கூட அது மறைந்திருக்கலாம். கொத்துரொட்டி கொத்திய தகட்டிலேயே சோற்றைப் பிரட்டினால் அச்சோறும் ஆகாது. ஆதலின் உணவுக் கடையிலே, "என்ன மா? எந்தத் தகடு?" என்று கூச்சமின்றிக் கேட்டறிதல் வேண்டும். வீட்டிலோ அரிசி மாவுக்குத் தனி அரிதட்டும் தனித் தாச்சியும் வேண்டும்.

ஐயமுள்ளோர் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் நோய் சோதனைக்குப் புலப்படாது போகலாம்.

சஹனிற் கூடியுண்ணும் விருந்திலே ஒருவர் தமக்கெனத் தனிக் கோப்பை கேட்பின், அதனை விருந்தோம்புவார் அவமதிப்பாகக் கொள்ளற்க. அவருக்கு அது நலங்காக்கும் வழி. அறிந்து அளிப்பதே மெய்யான உபசாரம்.