மெரீனாக் கடற்கரையின் அலையும் காற்றும்

திரை என்றும் ஓதம் என்றும் புணரி என்றும் அலைக்குப் பெயர் பல வகுத்த மொழி நம்முடையது. நெய்தல் நிலத்தைத் தனித் திணையாக்கிப் பாடிய இலக்கியங்களை நாடோறும் வகுப்பில் ஓதி வருகிறோம். ஆயினும், மாலையில் மெரீனாவின் மணலில் அமர்ந்திருக்கும் மாணாக்கர் ஒருவரை நோக்கி, இன்று கடல் எவ்வாறுள்ளது என்று வினவினால், அவர் கடலைப் பாராது வானத்தை அண்ணாந்து பார்த்தே விடை கூறுவார். வானம் தெளிந்து காற்று மெல்லென வீசுமாயின் கடலும் நன்றேயாம் என்பது நம் பொது எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதையும், அதனால் ஆண்டுதோறும் நம் போன்ற இளைஞரின் உயிர்கள் எங்ஙனம் மாய்கின்றன என்பதையும் ஈண்டு ஒரு சிறிது விளக்கப் புகுகிறோம்.

சென்னைக் கரை வளைவோ குடாவோ இல்லாத நேர்க்கரை. வடக்கு தெற்காக நீண்டு, வங்கக் கடலை நேரே எதிர்நோக்கிக் கிடப்பது. அலைக்கு மறைப்பாகத் தீவு ஒன்றும் அருகில் இல்லை. துறைமுகம் கட்டப்படுமுன் கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகளே நுரைத்தெழும் அலைகளினூடே கரை சேர்க்கும். அப்படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்திருப்பர். அலை மோதுங்கால் விறைத்து நின்று உடையாமல் வளைந்து கொடுக்கும் பொருட்டே அவ்வாறு செய்தனர். இக்கரையின் அலை எத்தன்மைத்து என்பதற்கு அப்படகின் தையலே போதிய சான்று. பின்னர் 1876ஆம் ஆண்டு முதலாக எழுப்பப்பட்டு முடியுந் தறுவாயில் இருந்த துறைமுகச் சுவர்களை 1881 நவம்பரில் வந்த புயல் சிதைத்தது. மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

அத்துறைமுகத்தால் விளைந்த ஒரு பயனை நாம் அறியாமலே துய்த்து வருகிறோம். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து கரையின்மீது சாய்வாக மோதுவதால், கரையோர நீர் வடக்கு நோக்கி ஓடி மணலையும் உடன் கொண்டு செல்லும். ஐப்பசி முதல் தை வரையில் வடகிழக்கு அலை மேலோங்கி ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்பும். வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும் தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சென்னைப் பக்கத்து மீனவர் வழங்குவர். இவ்விரண்டனுள் வடக்கு நோக்கிய ஓட்டமே மிக்கது. அது கொணரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்தவே, தென்பால் மணல் குவிந்து மெரீனா அகன்றது. வடபால் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகள் மணல் பெறாது அரிப்புண்டன. 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் என்பவர் இங்கு உலாச்சாலை அமைத்துக் கடற்கரை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லால் மெரீனா என்று பெயரிட்டார். நாம் உலாவும் மணலிற் பெரும்பகுதி வடசென்னை இழந்த மணல் என்பதை இங்கு வருவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை.

இனிக் காற்றைக் காண்போம். வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் நம் முன்னோர் பகுத்தனர். ஒரே நாளில் இவற்றுள் இரண்டு மூன்றைச் சென்னையில் உணரலாம். இரவில் நிலம் கடலினும் விரைவில் குளிர்வதால் விடியற்போதில் நிலத்திலிருந்து கடல் நோக்கி மென்காற்று வீசும். அப்போது அலைமுகம் கண்ணாடிபோல் வழவழப்பாயிருக்கும். கட்டுமரங்கள் பாய் விரித்துச் சென்ற காலத்தில் மீனவர் இக்காற்றிலே கடல் புக்கு, நண்பகலுக்கு மேல் எழும் கடற்காற்றிலே கரை மீண்டனர். வெயிலால் நிலம் காய்ந்து அதன்மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வருதலே கடற்காற்று. மே, ஜூன் மாதங்களில் மேல்காற்று வலுத்து இதனை எதிர்க்குமாயின் அது காலந்தாழ்த்தே நகருள் நுழையும்; சில நாள் நுழையாமலே போவதும் உண்டு. அந்நாட்களில் சென்னை படும் பாடு யாவரும் அறிந்ததே.

இக்காற்றுகளெல்லாம் கடலின் மேற்பரப்பைச் சிலிர்க்கச் செய்து சிற்றலைகளை எழுப்பும். அவ்வலைகளை உள்ளூர் அலைகள் என்று அழைப்போம். காற்று எழுந்தால் இவை எழும். காற்று அடங்கினால் சிறிது பொழுதில் இவையும் அடங்கும். ஓர் அலைமுடிக்கும் அடுத்த அலைமுடிக்கும் இடையே ஐந்தாறு நொடிகளே செல்லும். வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கும் நம் வழக்கம் இவ்வலைகளின் மட்டில் பொருந்தும்.

ஆனால் மெரீனாவில் வேறு வகை அலைகளும் உள. அவற்றை வெளியூர் அலைகள் எனலாம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடற்பரப்பில், ஆண்டு முழுதும் கடும்புயல்கள் வீசிக்கொண்டிருக்கின்றன. அவை எழுப்பும் பேரலைகள் புயலை விட்டுப் பிரிந்து, நீண்டு சீராகி, காற்றின் உதவியின்றியே வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. ஆழ்கடலில் அலையின் விரைவு அதன் இடைவேளையைப் பொறுத்தது. பதினான்கு நொடி இடைவேளையுள்ள அலையின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். அத்தகைய அலைக்கூட்டம் மணிக்கு 39 கிலோமீட்டர் வீதம் முன்னேறும். அங்கிருந்து சென்னைக்குத் தொலைவு ஏறத்தாழ 7000 கிலோமீட்டர் என்று கொண்டு வகுத்துப் பார்த்தால், அலை வந்து சேர ஏழரை நாள் ஆகின்றது. ஈழத் தீவு குறுக்கே நின்று ஓரளவு மறைத்தாலும், தென்கிழக்காக வருவன நம் கரையை அடைந்தே தீரும். ஆகவே இன்று நம் காலடியில் நுரைத்து மாயும் அலை, சென்ற வாரம் பனிக்கடலருகே வீசிய புயலின் எச்சமாதல் கூடும். அப்புயலைப் பற்றி நம் நகர வானம் ஒன்றும் அறியாது.

இது வெறுங் கற்பனை அன்று. வால்டர் மங்க் என்னும் கடலியல் அறிஞரும் அவருடைய துணைவரும் 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் கடலின் குறுக்கே அளவைநிலையங்கள் நிறுவி, தென்கடற்புயல்களில் பிறந்த அலைகள் வடகோடிக் கரைவரை சென்று சேர்வதை அளந்து காட்டினர். நம் கடலுக்கும் அவ்விதியே.

இவ்வலைகளைக் கண்டறிவது அரிதன்று. கைக்கடிகாரத்தைக் கொண்டு, ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் உள்ள நொடிகளை எண்ண வேண்டும். பத்து அலைகளை எண்ணிச் சராசரி காண்பது நன்று. ஐந்தாறு நொடியாயின் உள்ளூர் அலை. பன்னிரண்டுக்கு மேலாயின் வெளியூர் அலை. நீண்ட அலைகள் விரைந்து செல்வதால் அவையே முதலில் வரும். அவை ஆழ்கடலில் உயரம் குறைந்து தாழ்ந்து கிடத்தலின், கரையிலிருந்து நோக்குவோர்க்குக் கடல் உறங்குவது போலவே தோன்றும். ஆனால் தன் நீளத்தில் பாதியளவு ஆழத்திலேயே அலை தரையை உணரத் தொடங்குமாதலின், நீண்ட அலை வெகுதொலைவிலேயே தரை தட்டி, விரைவு குன்றி, நெருங்கிக் குவிந்து, கரையருகே திடீரென நிமிரும். தன் உயரத்தினும் சற்றே மிகுந்த ஆழத்தை அடைந்ததும் உடையும். ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்பர். மெரீனாவிலோ மணல் நீருக்குள் விரைவாகச் சரிவதால், பெரிய அலைகள் மனிதர் நிற்கும் இடத்தை நெருங்கிய பின்னரே உடைகின்றன.

சேரநாட்டு மீனவர், காற்றின்றி முன்னறிவிப்பின்றி ஏறிவரும் இத்தகைய கடலைக் கள்ளக்கடல் என்று பெயரிட்டழைத்தனர். கள்வனைப் போல் வருவது என்பது பொருள். அச்சொல்லின் பொருத்தம் கண்டு, 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை அறிவியற் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. தமிழ்க் கரையிலும் இது வரும். 2024 மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணாக்கர் ஐவர் அலையில் அகப்பட்டு உயிர் துறந்தனர். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை அந்நாட்களுக்கு முன்கூட்டியே வெளியிடப்பட்டிருந்தது. அவர்கள் நம்மை ஒத்த வயதினர், கற்றவர், ஒரு நண்பரின் திருமணத்திற்கு வந்திருந்தவர்கள். எச்சரிக்கை இருந்தும் அது சென்று சேர வேண்டியவரைச் சேரவில்லை என்பதே நமக்குப் பெருந்துயர் தருகின்றது.

இத்தகைய செய்திகளை வெளியிடுங்கால், இராட்சத அலை இழுத்துச் சென்றது என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தமிழ் பயில்வோர் என்ற முறையில் இத்தொடரை நாம் மறுக்க வேண்டியவராயுள்ளோம். சொற்குற்றத்தினும் பொருட்குற்றமே இதில் பெரிது. உடைந்த அலை இழுப்பதில்லை, தள்ளுகின்றது, அதுவும் கரையை நோக்கியே தள்ளுகின்றது. இழுப்பது வேறொன்று. அலைகள் ஓயாது கரையில் கொணர்ந்து கொட்டும் நீர் எங்ஙனமாவது திரும்பிச் செல்ல வேண்டுமன்றோ? அது கரையோரமாக ஓடி, நீருக்குள் மணல்திட்டுகளுக்கிடையே தாழ்வான வாய்க்கால் கிடைத்தவிடத்தில் ஒருங்கு கூடிக் கடல் நோக்கிப் பாய்கின்றது. இவ்விழுப்பு நீரோட்டம் ஒரு சிற்றாற்றை ஒப்பது. சில வேளைகளில் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேலும் விரைந்தோடும். உலகப் போட்டிகளில் நீந்தும் வீரரும் அதனை எதிர்த்து நீந்தல் அரிது. அது மனிதனைக் கீழே அமிழ்த்துவதில்லை. அப்பால் கொண்டு செல்கின்றது, அவ்வளவே. கரை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதே உயிரை வாங்குகின்றது.

இதில் கொடிய வஞ்சனை ஒன்று உண்டு. வாய்க்கால் ஆழமுடையதாதலின் அவ்விடத்தில் அலை உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே ஒரு கீற்று மட்டும் கறுத்துச் சலனமின்றித் தோன்றும். நீந்தத் தெரியாதவர் அமைதியான இடம் என்று தேர்ந்தெடுத்து இறங்குவது அவ்விடத்திலேதான். மணல் கலங்கி நிறம் மாறிய நீரும், கடல் நோக்கி மிதந்து செல்லும் நுரையும் குப்பையும் அதன் அடையாளங்கள். மெரீனாவில் குளித்தல் ஆகாதென்று பலகை நாட்டியிருப்பதும் காவலர் நிற்பதும் இக்காரணம் பற்றியே.

திருமறையில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைப் படித்தோர், பவுலடியார் ஏறிச் சென்ற கப்பலின் கதையை அறிவர். கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தை விட்டு அக்கப்பல் புறப்பட்டது தென்றல் மெதுவாய் வீசக் கண்டே. சிறிது பொழுதில் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று அதன்மேல் மோதிற்று. தேர்ந்த மாலுமிகளும் அருகிலுள்ள காற்றைக் கொண்டு அப்பாலுள்ள கடலை அளந்து ஏமாந்தனர் என்றால், மாலை உலாவுக்கு வரும் நாம் எம்மாத்திரம்?

மாலுமிகட்கு இல்லாத வசதி இன்று நமக்குண்டு. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்தகவல் சேவை மையம் நாடோறும் கரையோர அலைகளை முன்னறிவிக்கின்றது. புயற்காலங்களில் துறைமுகத்தில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட கூண்டுகள் ஏற்றப்படுவதும் தெரிந்ததே. ஆனால் முன்னறிவிப்பை வாசிக்குமிடத்து ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அலையுயரம் 2 மீட்டர் என்று கூறினால், எல்லா அலையும் 2 மீட்டர் என்பது பொருளன்று. அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியே அவ்வெண். ஆயிரம் அலைகள் வருமாயின் அவற்றுள் ஒன்று ஏறத்தாழ இருமடங்கு உயரமாயிருத்தல் இயல்பு. பத்து நொடிக்கோர் அலையாயின், ஆயிரம் அலைகள் வருவதற்கு மூன்று மணிநேரம் கூட வேண்டுவதில்லை. கால்மணி நேரம் பார்த்தோம், அலை முழங்காலுக்கு மேல் வரவில்லை என்று கணக்கிடுவோர் இதனை எண்ணுக. முழுமதி நாளிலும் மறைமதி நாளிலும், அதாவது இருவகை உவாக்களிலும், ஓதம் ஏறுவதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எனினும் சென்னையில் அவ்வேற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டரே ஆதலால் அதனைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

இழுப்பில் அகப்பட்டவர் செய்யத்தக்கது யாதெனின், முதற்கண் கரை நோக்கி நீந்தும் முயற்சியை விடுவதே. அவ்வோட்டம் பெரும்பாலும் அகலம் குறைந்தது. ஆகவே கரைக்கு இணையாக, வடக்கேனும் தெற்கேனும், ஓட்டம் தளரும் வரை நீந்திச் சென்று, பின்னர் அலை உடையும் இடத்தினூடே கரைக்குத் திரும்பலாம். அதற்கும் வலிமையில்லையாயின், மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்தி உதவி வேண்டலாம். கரையில் நிற்கும் நண்பர்கள் பின்தொடர்ந்து குதித்தல் ஆகாது. ஒருவரைக் காக்கப் புகுந்த இருவர் மூவர் ஒருங்கே மாண்ட செய்திகள் பல. மூடியிட்ட வெறுங்குடம், காற்றடைத்த பந்து, கயிறு என மிதப்பதோ எட்டுவதோ யாதாயினும் எறிந்து, அருகிலுள்ள மீனவரையும் காவலரையும் கூவி அழைத்தல் வேண்டும். அலை உடையும் வரிசையைக் கடந்ததும் இழுப்பு தானே வலுவிழந்து பரந்துவிடுகின்றது. மிதந்துகொண்டிருப்பவரைப் படகு சென்று சேர்வதற்கு அங்கேதான் காலம் கிடைக்கின்றது.