கையொப்பமிட்டு மறந்த தாள்

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கு அரை மணி நேரம் போதும் என்று எண்ணித்தான் சென்றேன். கண் பரிசோதனை முடிந்தது. புகைப்படமும் எடுக்கப்பட்டது. பணம் செலுத்துவதற்காக அட்டையைக் கையில் எடுத்த வேளை, கருமபீடத்துக்கு அப்பால் இருந்த பெண் கணினித் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இதனை வழங்க முடியாது என்றார். வேறொரு மாநிலத்தில் எனது பெயருக்குத் தடை இருக்கிறதாம். என்ன குற்றம் என்று கேட்டேன். அது தமக்குத் தெரியாது என்றார். எந்த மாநிலம் என்பதையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் சிறு துண்டொன்றில் எழுதித் தந்துவிட்டு, அடுத்தவரை அழைத்தார்.

வீடு திரும்பும் வழியில் பேருந்தில்தான் நினைவு வந்தது. 2017ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். தெற்கே வாழும் உறவினர் ஒருவரின் மகளுக்குத் திருமணம். வாடகைக் கார் ஒன்றில் பன்னிரண்டு மணி நேரப் பயணம். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் பலகாரப் பெட்டிகளும். 65 மைல் வேக எல்லைக்குள் 79 மைல் வேகத்தில் சென்றதாக எங்களை மறித்த பொலிஸ் அதிகாரி கூறினார். மரியாதையாகவே பேசினார். ஒரு தாளை நீட்டி ஒப்பமிடச் சொன்னார். ஒப்பமிட்டேன். கவனமாகச் செல்லுங்கள் என்று வழியனுப்பினார். அந்தத் தாளைத் திருமண அழைப்பிதழோடு சேர்த்துக் காரின் முன்பெட்டிக்குள் வைத்தேன். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டும் அதனுள்ளேயே போய்விட்டன.

இரண்டு மாதங்களின் பின் வீடும் மாறினோம். புதிய முகவரியைக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் பத்து நாட்களுக்குள் அறிவித்தேன். அதில் அகதி எவனும் தவறுவதில்லை. வாகனத் திணைக்களத்துக்கும் அறிவிக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீதிமன்றம் அனுப்பிய கடிதங்கள் பழைய வீட்டின் கதவுக்குப் போயிருக்க வேண்டும். ஊரில் ஏழு ஆண்டுகள் பல்கலைக்கழக மாணவருக்கு வரலாறு கற்பித்தவன் நான். ஓர் ஆவணத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே எனது பாடமாக இருந்தது. நான் ஒப்பமிட்ட ஆவணத்தின் பின்பக்கத்தை நானே வாசிக்கவில்லை.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். அமெரிக்காவில் சாரதி அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மத்திய அரசு அன்று. ஐம்பது மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தத்தமக்கெனத் தனித்தனியே வழங்குகின்றன. ஒரு மாநிலத்தில் அனுமதிப்பத்திரத்தை இழந்தவர் அடுத்த மாநிலத்துக்குச் சென்று புதிதாக ஒன்றைப் பெற்றுவிடுவது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. இதனைத் தடுக்கவே 1960இல் காங்கிரஸ் தேசிய சாரதிகள் பதிவேட்டைச் சட்டத்தின் மூலம் உருவாக்கியது. 1982இன் சட்டம் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. அந்தப் பதிவேடு நூலகத்தின் அட்டவணை அட்டையைப் போன்றது. நூல் அதில் இராது. நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது மட்டுமே இருக்கும். பெயர், பிறந்த திகதி, அனுமதிப்பத்திர இலக்கம், விபரத்தை வைத்திருக்கும் மாநிலம் போன்ற அடையாள விபரங்களுக்கு மேல் அங்கே எதையும் தேட முடியாது. கருமபீடத்துப் பெண் உண்மையைத்தான் கூறினார்.

எம்மவருக்கு இதில் ஒரு தனித் தொல்லையும் உண்டு. தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக ஓர் ஆவணம், அதனைத் தலைகீழாக்கி மற்றோர் ஆவணம், இரண்டையும் ஒட்டவைத்து மூன்றாவது என்று நாங்கள் பல பெயர்களில் உலவுகிறோம். பெயரையும் பிறந்த திகதியையும் கொண்டு தேடும் ஒரு பொறி, வேறொருவரின் தடையை எங்கள் தலையில் இறக்கவும் கூடும். அவ்வாறு நேர்ந்தால் நான் அவனல்லன் என்று நிறுவும் வேலை எங்களுடையதே.

எனது விடயத்தில் அவன் நானேதான். ஆகவே அந்த ஒப்பத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் போக்குவரத்துக் குற்றத்துக்குப் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தையே வாங்கிக்கொண்டு, தற்காலிகமாக ஒரு கடதாசியைத் தருவார்கள். பதினான்கு நாட்களுக்குள் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அது திரும்பிவரும். கையில் இருந்தது போய்விட்டதால் எவரும் மறப்பதில்லை. அமெரிக்காவிலும் முன்னர் பிற மாநிலத்துச் சாரதிகளுக்குச் சலுகை குறைவு. அங்கேயே பிணைப்பணம் கட்டவேண்டும், அல்லது அப்போதே நீதவானின் முன்னிலைக்குப் போகவேண்டும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. ஊர் திரும்பிய பின் வெளியூர்க்காரன் பதில் சொல்ல வரமாட்டான் என்பதே அதற்கான காரணம். 1977இல் உருவான ஒப்பந்தம் ஒன்று இதனை மாற்றியது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் இணைந்துள்ளன. அதன்படி, பிற மாநிலத்தவரும் ஒப்பமிட்டுவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். ஆனால் அவர் பின்னர் பதிலளிக்காவிட்டால், அவர் வாழும் மாநிலமே அவரது அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தி வைக்கும். வாகனம் நிறுத்துவது பற்றிய தண்டங்கள் இவ்வொப்பந்தத்தில் அடங்கா.

எனவே நான் இட்ட ஒப்பம் குற்றத்தை ஒப்புக்கொண்டதன்று. பதில் சொல்வேன் என்ற வாக்குறுதி மட்டுமே. வேகமாகச் சென்றேன் என்று சொல்லலாம், செல்லவில்லை என்று வாதாடலாம், பணத்தைத் தபாலில் அனுப்பலாம். மௌனம் ஒன்றுதான் அனுமதிக்கப்படாதது. எனது அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டது அந்த மௌனத்துக்காகத்தான், வேகத்துக்காக அன்று. நாங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதை எண்ணிப் பார்க்கும்போது இது விசித்திரமான பாடமாகவே தோன்றுகிறது. அரசின் கடிதம் வந்தால் கதவைத் திறக்காதே, பெயர் கேட்டால் பேசாதே, பேசாதிருந்தால் மறந்துவிடுவார்கள் என்று கற்றுத் தப்பிவந்தவர்கள் நாங்கள். இங்கே கணினி மறப்பதில்லை.

இந்த வலை ஏன் வேண்டும் என்று கேட்போருக்கு 2019ஆம் ஆண்டு ஒரு பதில் தந்தது. அவ்வாண்டு ஜூன் 21ஆம் திகதி நியூ ஹாம்ப்ஷயரின் ராண்டொல்ஃப் என்னும் இடத்தில் பார ஊர்தி ஒன்றுடன் மோதி மோட்டார் சைக்கிளோட்டிகள் எழுவர் மாண்டனர். பார ஊர்தியின் சாரதி மஸ்ஸாசூசெற்ஸ் மாநில அனுமதிப்பத்திரம் உடையவர். அதற்கு முந்திய மாதம்தான் அவர் கனெக்ரிக்கட்டில் போதையில் வாகனம் ஓட்டியதான குற்றச்சாட்டில் கைதாகியிருந்தார். அந்த அறிவித்தலின்மேல் மஸ்ஸாசூசெற்ஸ் நடவடிக்கை எடுத்திருக்கவில்லை. விசாரித்தபோது, பிற மாநிலங்களிலிருந்து வந்த பல்லாயிரக்கணக்கான அறிவித்தல்கள் பெட்டிகளில் தூங்குவது வெளிவந்தது. வாகனப் பதிவகத்தின் தலைவர் பதவி விலகினார். அச்சாரதியை 2022இல் யூரிமார் விடுதலை செய்தனர் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். ஆயினும் பெட்டிகள் திறக்கப்பட்ட பின், என்றோ நிகழ்ந்து எவரும் நினைத்திராத விடயங்களுக்காகப் பெருந்தொகையானோருக்கு இடைநிறுத்தக் கடிதங்கள் பறந்தன. கொடியவனையும் மறதிக்காரனையும் ஒரே வலை ஒரே நாளில் வாரியது.

மறதிக்காரனைவிட வறியவனின் நிலை மோசமானது. மிசூரி மாநிலத்தின் பேர்குசன் நகரைப் பற்றி அமெரிக்க நீதித் திணைக்களம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையை அக்காலத்திலேயே வாசித்திருந்தேன். அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்த அந்நகரின் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் மட்டும் 9,000க்கு மேற்பட்ட பிடியாணைகளைப் பிறப்பித்தது. பெரும்பாலும் சிறு குற்றங்களுக்கே. 2007இல் வாகனத்தைத் தவறாக நிறுத்திய ஒரு பெண்ணுக்கு 151 டொலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. அவர் நீதிமன்றுக்கு வராமை மேலும் மேலும் குற்றங்களாகச் சேர்ந்தது. இருமுறை கைதாகி, ஆறு நாட்கள் சிறையிருந்து, 550 டொலர் செலுத்திய பின்னரும் 2014 டிசம்பரில் அவர் இன்னும் 541 டொலர் கடனாளி. இந்தக் கணக்கை நான் மூன்று முறை வாசித்தேன்.

அனுமதிப்பத்திரம் அரசு கருணையினால் தரும் பரிசு என்று எண்ணவேண்டியதில்லை. 1971இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஜோர்ஜியா மாநிலத்துக் கிறிஸ்தவ குருவானவர் ஒருவரின் வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. கிராமந்தோறும் சென்று ஊழியம் செய்தவர் அவர். ஒருமுறை வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் ஒருவரது வாழ்வாதாரத்துக்கு இன்றியமையாததாகிவிடக்கூடும், முறையான விசாரணையின்றி அதனைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்மைய ஆண்டுகளில் சட்டங்களும் சற்று இளகியிருக்கின்றன. தண்டம் கட்ட இயலாதவரின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் வழக்கத்தைக் கலிபோர்னியா 2017இல் கைவிட்டது. வேர்ஜீனியா 2020இல் அதனைப் பின்பற்றியது. நியூயோர்க்கின் சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நியூயோர்க்கில், பணம் கட்ட இயலாமை வேறு, பதிலே சொல்லாமை வேறு. பின்னையதற்கு இடைநிறுத்தம் நீடிக்கிறது.

எனது சிக்கல் ஏழு வாரங்களில் தீர்ந்தது. அந்த மாவட்ட நீதிமன்றின் எழுதுவினைஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்பான குரல். தண்டமும் நீதிமன்றச் செலவுமாக 230 டொலர். அதன் மேல் அம்மாநிலத்தின் வாகனத் திணைக்களத்துக்கு மீளளிப்புக் கட்டணம். பின்னர் தடை நீங்கியதென்ற கடிதம். அதன் பின்னும் கணினியில் எனது பெயர் நீங்கும்வரை காத்திருப்பு. தண்டம் கட்டியவுடன் தடை தானாக அகலும் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். நீதிமன்றம் வேறு, திணைக்களம் வேறு. இரண்டிலும் தீர்த்து, தீர்த்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கவேண்டும். தேசியப் பதிவேட்டில் தமது பெயர் இருக்கிறதா என்று கேட்டறியும் உரிமை எவருக்கும் உண்டு. காலாவதியாகும் மாதத்தில் அன்றி அதற்கு முன்னரே கேட்பது நல்லது. நியூயோர்க்குக்குள்ளும் மிச்சிக்கனுக்குள்ளும் அடிக்கடி கார் ஓட்டிவரும் ரொறன்ரோ வாசகர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். அவ்விரு மாநிலங்களோடும் ஒன்ராறியோவுக்கு ஒப்பந்தம் உண்டு. அங்கே நிரூபணமான குற்றம் இங்கே புள்ளிகளாக வந்து சேரும்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் எனது 230 டொலர் அன்று. எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். முல்லைத்தீவுக்காரர். பொதிகள் விநியோகிக்கும் வேலை. புகலிட வழக்கு இன்னும் முடியவில்லை. 2005இன் அடையாளச் சட்டத்தின்படி, வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு அச்சட்டத்துக்கு இணங்கிய அனுமதிப்பத்திரம் குறுகிய காலத்துக்கே கிடைக்கும். தங்கும் காலத்துக்கு முடிவு குறிக்கப்படாதவராயின் ஓராண்டுக்கு மேல் இல்லை. எட்டு ஆண்டுகள் எனது மறதி என்னைத் தொடவில்லை. அவருடையது ஆண்டுதோறும் கருமபீடத்தில் அவருக்காகக் காத்திருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு மாநிலத்தில் பெற்ற ரிக்கற் ஒன்று அவரிடம் உண்டு. இம்முறை புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தை அழையுங்கள் என்றேன். மறுத்தார். அழைத்தால் அங்கே பிடியாணை இருப்பது தெரியவருமே என்றார். தெரியாவிட்டால் அது இல்லாமற் போய்விடுமா என்று கேட்டேன். பதில் இல்லை. இதற்கிடையில் நாள்தோறும் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவது, அதுவும் தடை இருக்கையில் ஓட்டுவது, பல மாநிலங்களில் கைதுக்குரிய குற்றம். கைதானவரின் கைரேகைகள் குடிவரவுப் பதிவுகளோடும் ஒப்பிடப்படும். ஒரு வேக ரிக்கற் மட்டும் நாடு கடத்துவதற்குரிய சட்டக் காரணம் அன்று. அதற்கு அஞ்சி ஒளிவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் அவருக்குச் சொல்ல முயன்றேன். அவருடைய மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பெண்தான் எனது வீட்டுக்கு வந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், புகலிட வழக்கின் பிரதிகள் ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் பையொன்றில் அந்த ரிக்கற்றையும் கொண்டுவந்தார். மடிப்பு மடிப்பாக, ஒரு மூலையும் கிழியாமல் நான்கு ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறார்கள். முதலில் அவர்களுடைய புகலிட வழக்கறிஞரிடம் பேசினோம். பின்னர் அந்த ஊரில் போக்குவரத்து வழக்குகளைக் கவனிக்கும் ஒருவரிடம். இவர் நேரில் போகவேண்டியதில்லை, அவரே தோன்றலாம் என்று அறிந்தோம். பிடியாணை இருக்கத்தான் செய்தது. அதனை மீளப்பெற மனுச் செய்யப்பட்டிருக்கிறது. விசாரணை அடுத்த மாதம் பதினோராம் திகதி. அதுவரை வாகனத்தின் சாவி மனைவியிடம் இருக்கிறது. விநியோக வேலைக்கு அவர் இப்போது உதவியாளாக மட்டுமே போகிறார்.