சில்லுத் தொழிலுக்குத் தேர்ந்த கைகள்

புணே நகரின் கிழக்கே உள்ள கோர்படியில் ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ பணிமனை இயங்கி வருகிறது. எஞ்சின் நடுவழியில் நின்ற பிறகு பழுது பார்ப்பதைவிட, குறித்த நாளில் அதைப் பிரித்துச் சோதித்து, தேய்ந்த உறுப்பை முன்கூட்டியே மாற்றுவதே இத்தகைய பணிமனைகளின் முறை. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்ற இளைஞர்கள் பலர் இத்திறனாலேயே வாழ்வு பெற்றுள்ளனர். இதே திறனை வேறொரு சூழலில் எதிர்பார்க்கும் புதிய தொழில் ஒன்று இப்போது நாட்டில் வேரூன்றி வருகிறது. அது குறைகடத்திச் சில்லுகளின் உற்பத்தித் தொழிலாகும்.

இத்தொழிலை வளர்க்க மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2023-இல் குஜராத்தின் சானந்தில் மைக்ரான் நிறுவனத்தின் ஆலைக்கும், 2024 பிப்ரவரியில் தோலேராவிலும் சானந்திலும் அசாமின் ஜாகிரோடிலும் அமையும் மூன்று ஆலைகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஜாகிரோடு ஆலையின் திட்டமிட்ட திறன் நாளொன்றுக்கு 4.8 கோடி சில்லுகள். கட்டடமும் இயந்திரமும் பணத்தால் வந்து சேரும். அவற்றை இரவு பகலாக இயக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதே இனி விடை காண வேண்டிய கேள்வி.

பணியின் தன்மை

சில்லுகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் நம் நாட்டில் ஏராளமாக உள்ளனர். வடிவமைப்பைக் கணிப்பொறியின் முன் அமர்ந்து கற்றுக்கொள்ளலாம். உற்பத்தியை அவ்வாறு கற்க இயலாது. சிலிக்கான் வில்லையின் மீது படலம் படிய வைத்தல், ஒளியால் உருவரை பதித்தல், வேண்டாத பகுதியை அரித்தெடுத்தல், அயனிகளைச் செலுத்துதல் ஆகிய வேலைகள் நூற்றுக்கணக்கான படிகளாகத் திரும்பத் திரும்ப நடைபெறுகின்றன. ஒரு வில்லை முழுமை பெற இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம். ஒரு பெட்டியில் வழக்கமாக 25 வில்லைகள் ஒன்றாகச் செல்லும். கடைசி வாரங்களில் நேரும் ஒரு தவறு, அதற்கு முன் நடந்த அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும்.

இந்த இயந்திரங்களைக் கண்காணிப்பதும், வெற்றிட பம்புகளையும் வாயுக் குழாய்களையும் பராமரிப்பதும், அளவீடுகளில் சிறு விலகல் தென்பட்டாலும் உடனே அறிவிப்பதும் தொடக்கநிலைத் தொழில்நுட்பப் பணியாளரின் கடமைகள். சில்லுகளை வெட்டியெடுத்து, கம்பியிணைத்து, உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளிலும் இவர்களே உற்பத்தியின் முதுகெலும்பு.

ஒழுங்கும் பாதுகாப்பும்

மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தூசி ஒரு சில்லைக் கெடுக்கப் போதுமானது. ஆகவே, தூய அறைக்குள் நுழையும் முறையே முதல் பாடமாகும். தலையுறை, முழு அங்கி, காலுறை என மேலிருந்து கீழாக அணிய வேண்டும்; வேகமாக நடத்தலும் ஆகாது. ஒளிப்பதிவுப் பகுதியில் மஞ்சள் விளக்குகள் எரிவதன் காரணத்தையும் பயிற்சியாளர் அறிந்திருக்க வேண்டும். வில்லையின் மேல் பூசப்படும் ஒளியுணர் படலம் நீல, புற ஊதாக் கதிர்கள் பட்டால் கெட்டுவிடும்.

பாதுகாப்புப் பாடம் இதனினும் முக்கியமானது. சிலேன் வாயு காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பற்றக் கூடியது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் தொடக்கத்தில் வலி தெரியாமலே உள்ளிறங்கி, எலும்பு வரை சிதைக்க வல்லது. உடனே நீரால் கழுவுவதும், கால்சியம் குளூக்கோனேட் களிம்பு தடவுவதும், மருத்துவரிடம் விரைவதும் அனிச்சைச் செயலாகப் பழக வேண்டியவை. புத்தகம் இவற்றைச் சொல்லித் தரலாம். பழக்கத்தைத் தர இயலாது.

இன்றைய ஏற்பாடுகள்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-இல் சில்லு உற்பத்திக்கெனத் தனிப் பட்டயப் படிப்புக்குப் பாடத்திட்டம் வெளியிட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான புதுயுகப் பாடப்பிரிவுகளிலும் குறைகடத்தித் தொழில்நுட்பர் பிரிவு இடம் பெற்றுள்ளது. இவை வரவேற்கத் தக்க தொடக்கங்கள். எனினும், கருவி இல்லாத பள்ளியில் வழங்கப்படும் சான்றிதழ் ஆலையின் வாயிலில் மதிப்பிழந்து போகும். அதனால் ஏமாற்றம் அடைபவர், கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்த ஏழைக் குடும்பத்தினரே.

ஒரு பயிற்சி நிலையம் இத்தனை விலையுயர்ந்த கருவிகளைத் தனியே வாங்க இயலாது என்பது உண்மை. இதற்குப் பினாங்கு ஒரு வழி காட்டுகிறது. 1972-இல் இன்டெல் நிறுவனம் அங்கே ஆலை தொடங்கியது. வேறு பல நிறுவனங்களும் வந்தன. 1989-இல் அரசும் கல்வித் துறையும் தொழில் நிறுவனங்களும் கூடிப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை உருவாக்கின. போட்டி நிறுவனங்களே பொதுப் பயிற்சிக்காகக் கைகோத்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேரிக்கோபா சமுதாயக் கல்லூரிகள் 2022-இல் பத்து நாள் அறிமுகப் பயிற்சியைத் தொடங்கின. குறுகிய பயிற்சி வாயிலைத் திறக்கும். முழுத் தேர்ச்சி ஆலைத் தளத்திலேயே வரும்.

நம்மிடமும் அடித்தளம் உண்டு. மொஹாலியில் அரசின் குறைகடத்தி ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989-இல் நேர்ந்த தீ விபத்து அம்முயற்சியைப் பெரிதும் பின்னடையச் செய்தது. அவ்வாலையின் வழிவந்த குறைகடத்தி ஆய்வகம் இன்றும் சில்லுகளைத் தயாரிக்கிறது. புணேயில் மின்னணுப் பொருள்களுக்கான ஆய்வு மையமும், அரசுப் பாலிடெக்னிக்கும், ஔந்தில் தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன. இத்தகைய நகரங்களில் ஒரு சிறிய தூய அறை, சில பழைய இயந்திரங்கள், ஆலையிலிருந்து வரும் பயிற்றுநர்கள் ஆகியவற்றைப் பல நிலையங்கள் பொதுவில் பகிர்ந்துகொண்டால் கல்வியும் தொழிலும் நெருங்கி வரும். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் வழியே மாணவர் உதவித்தொகையுடன் ஆலையிலும் பழகலாம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. முதல் நாள் வேலைக்கு மட்டும் பயிற்சி அளித்தால் போதாது. பணியில் இருந்துகொண்டே பட்டயமும் பட்டமும் பெற்று, செயல்முறைப் பொறியாளராக உயரும் வழி திறந்திருக்க வேண்டும். அவ்வழி அடைபட்டால் தேர்ந்தவர்கள் வெளிநாடு செல்வர். ஆலைகள் அந்நிய வல்லுநரை நம்பி நிற்கும். வழி திறந்திருப்பின், பத்தாம் வகுப்பு முடித்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ தம் கைத்திறனால் நாட்டின் உயர்தொழில் நுட்பத்தில் பங்காளியாக முடியும். ஆலைகளின் எண்ணிக்கையோடு இவ்வாறு உயர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ளும்போதே இத்திட்டத்தின் வெற்றி முழுமை பெறும்.