வலிப்பு நோயும் செரடோனின் ஏற்பிகளும்

ஒரே வேதிப்பொருள், பல வாசல்கள்

உடலில் உள்ள செரடோனின் என்ற வேதிப்பொருளில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது. அது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. மூளைத்தண்டின் நடுவே உள்ள ராஃபே நரம்பணுக்களின் வேலை அது. அவை எண்ணிக்கையில் சொற்பம்; ஆனால் அவற்றின் இழைகள் போகாத மூளைப்பகுதி அநேகமாக இல்லை.

செரடோனின் என்ன செய்யும் என்பது அது போய் ஒட்டும் ஏற்பியைப் பொறுத்தது. ஏற்பிகள் ஏழு குடும்பங்களாக, 14 வகைகளாக அறியப்பட்டுள்ளன. ஆகவே செரடோனின் வலிப்பைக் கூட்டுமா, குறைக்குமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது.

அடக்கி வைக்கும் 1ஏ

நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் 1ஏ வகை ஏற்பிகள் நிறைய உண்டு. செரடோனின் இவற்றில் ஒட்டியதும் நரம்பணுவின் பொட்டாசியம் வழிகள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேற, நரம்பணு எளிதில் மின்துடிப்பு விடாத நிலைக்குப் போகிறது. நரம்பணுக்கள் கூட்டமாக மிதமிஞ்சித் துடிப்பதே வலிப்பு என்பதால், இது ஒரு தடுப்பு.

ஹிப்போகேம்பஸ் அடங்கிய டெம்போரல் மடலில் வலிப்பு தொடங்குவோரை பெட் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், வலிப்பு கிளம்பும் பக்கத்தில் 1ஏ ஏற்பிகளின் பிணைப்பு குறைந்திருந்தது. மனச்சோர்வும் சேர்ந்தவர்களிடம் குறைவு இன்னும் அதிகம். நோயை நினைத்து வருந்துவதால்தான் சோர்வு என்று வீட்டார் சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி மூளையின் அதே பகுதியில் இருக்கிறது.

இளைக்க வைத்த மாத்திரை

2சி ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் 1995இல் விவரிக்கப்பட்டன. அவை பருத்தன, வலிப்பு வந்து இறக்கவும் செய்தன. பசிக்கும் வலிப்புக்கும் ஒரே ஏற்பியில் தொடர்பு இருப்பது அதில் தெரிந்தது.

இதே தொடர்பு ஒரு மருந்திலும் தெரிந்தது. உடல் எடையைக் குறைக்கக் கொடுக்கப்பட்ட ஃபென்ஃப்ளூரமின், செரடோனினை அதிகமாக வெளிவிடச் செய்யும் மருந்து. இதய வால்வுகளைத் தடிக்கச் செய்ததால் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்தக் கேட்டுக்குக் காரணம் 2பி ஏற்பி. ஆனாலும் பெல்ஜிய மருத்துவர்கள் டிராவே நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு இதைச் சிறு அளவில் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மருந்துக்கும் லேசில் அடங்காத, கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் வலிப்பு அது. பலருக்கு வலிப்பு வெகுவாகக் குறைந்தது. 2020இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது. இப்போதும் மருந்தைத் தொடங்கும் முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்யப்படுகிறது.

மூச்சும் செரடோனினும்

ராஃபே நரம்பணுக்களில் சில ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை உணர்ந்து மூச்சைத் தூண்டுகின்றன. பெரிய வலிப்பு இவற்றை முடக்கினால் மூச்சு தடைப்படலாம். வலிப்பு நோயாளிகள் சிலர் தூக்கத்தில் திடீரென இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வலிப்புக்குப் பின் மூச்சு நின்றுபோகும் ஒருவகைச் சுண்டெலிகளை, செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸெட்டின் காப்பாற்றியிருக்கிறது. மனிதர்களுக்கு அந்த நோக்கில் இது இன்னும் சிகிச்சையாகவில்லை.

மனச்சோர்வு மாத்திரை ஆகுமா?

வலிப்பு இருப்பதாலேயே மனச்சோர்வுக்கு மருந்து மறுக்கப்படுவது இன்றும் நடக்கிறது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை மருத்துவர் சொன்ன அளவில் பொதுவாகப் பாதுகாப்பானவை. அளவு மீறினால் வலிப்பைத் தூண்டலாம். புப்ரோபியான், குளோமிப்ரமின் இரண்டும் வேறு கதை: வலிப்பு உள்ளவர்களுக்கு இவற்றை மருத்துவர்கள் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். எதைத் தொடங்கினாலும் நரம்பியல் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது.