ஓய்வு பெற்றால் உரிமையும் ஓய்வா?

தியாகராய நகர் ஜவுளிக் கடையிலே முப்பது ஆண்டுகள் நின்றே தேய்ந்தவர். மயிலாப்பூர் அச்சகத்திலே எழுத்தோடு மல்லாடிக் கண் மங்கியவர். அடையாறு பட்டறையிலே இரும்போடு இரும்பாய்க் கிடந்தவர். வயது ஐம்பத்தெட்டு என்றதும் மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். மாலை வாடுகிறது, மூட்டு வலி மட்டும் வாடுவதில்லை. கடைத் தொழிலாளிக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டிலே சட்டம் வந்ததே 2021-இல்தான்! அதுவரை நின்ற கால்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் யார்?

"வேலை போயிற்று, ஈ.எஸ்.ஐ.யும் போயிற்று" என்று கையை விரிக்கிறார் தோழர். பிள்ளை கடன் வாங்கிக்கொண்டு தனியார் இன்சூரன்சு ஏஜெண்டைத் தேடி ஓடுகிறான். ஓடுமுன் சற்று நில்லுங்கள், தோழர்களே!

ஈ.எஸ்.ஐ. எவரும் இட்ட பிச்சையன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம். 2019 ஜூலையில் வகுத்த கணக்குப்படி, நூறு ரூபாய் கூலிக்குத் தொழிலாளி முக்கால் ரூபாய், முதலாளி மூன்றேகால் ரூபாய். அந்தத் திட்டத்தின் விதிகளிலே பலர் கண்ணில் படாத ஓர் இடம் உண்டு. குறைந்தது ஐந்தாண்டு திட்டத்தில் இருந்து, ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ வெளியேறுகிறவர், மாதம் பத்து ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 120 ரூபாயை மொத்தமாகக் கட்டினால், அவருக்கும் அவர் மனைவிக்கும் மருத்துவ உதவி தொடரும். பெண் தொழிலாளியானால் அவருக்கும் கணவருக்கும். ஆண்டுதோறும் கட்டவேண்டும், அவ்வளவே.

நூற்று இருபது ரூபாய்! பாண்டி பஜாரிலே இருவர் சிற்றுண்டி சாப்பிட்டால் பறந்துவிடும் தொகை. தனியார் கம்பெனியோ அறுபது வயதுக்காரரிடம் ஆயிரக்கணக்கிலே கேட்கிறது. மாலை போட்ட நிர்வாகம் இதைச் சொல்லவில்லை. சங்கமாவது சொல்ல வேண்டாமா? ஓய்வு பெறுவோர் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொருவரையும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதைவிட அவசரமான வேலை கிளைச் செயலாளருக்கு என்ன இருக்கிறது? கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை தியாகராய நகருக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது.

இதிலே ஒரு கொடுமையும் உண்டு. 2017 ஜனவரியில் சம்பள வரம்பை 21,000 ரூபாய் என்று வைத்தார்கள். இருபது ஆண்டு பணம் கட்டியவர், கடைசிக் காலத்தில் கிடைத்த ஊதிய உயர்வினாலேயே திட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, ஓய்வுக் கால மருத்துவத்தையும் இழந்தார். உயர்வே தண்டனையாகிற விந்தை! 2024 பிப்ரவரியில் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் இத்தகையோருக்கும் கதவு திறக்க முடிவெடுத்தது: 2012 ஏப்ரலுக்குப் பின் திட்டத்தில் இருந்து, 2017 ஏப்ரல் முதல் 30,000 ரூபாய் வரை சம்பளத்தோடு ஓய்வு பெற்றவர்கள். நம் தோழர்களில் யார் யார் என்று கணக்கெடுங்கள்.

அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுமா? வாங்கலாம், தவறில்லை. மருத்துவமனை வரிசையின் நீளம் நமக்குத் தெரியாததா! ஆனால் ஏஜெண்ட் நீட்டுவது 'டாப்-அப்'பா, 'சூப்பர் டாப்-அப்'பா என்று கேளுங்கள். மகனின் கம்பெனி பாலிசி தந்தைக்கு மூன்று லட்சம் தருகிறது. அதற்கு மேலுள்ள செலவுக்காக ஒரு டாப்-அப் வாங்குகிறார். ஒரே ஆண்டில் இரண்டு முறை படுக்கிறார். முறைக்கு இரண்டரை லட்சம். கம்பெனி பாலிசி மூன்று லட்சத்தோடு நின்றுவிடும். டாப்-அப், ஒவ்வொரு பில்லும் மூன்று லட்சத்துக்குக் கீழே என்று சொல்லி ஒரு காசும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து, மிஞ்சிய இரண்டு லட்சத்தைத் தரும். பெயரிலே ஒரு சொல். பையிலே இரண்டு லட்சம்!

அறுபத்தைந்தைத் தாண்டியவருக்குப் பாலிசி இல்லை என்ற பேச்சு இனிச் செல்லாது. 2024 ஏப்ரலில் இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வயதுக் கட்டை அவிழ்த்தது. பழைய நோய்க்குக் காத்திருப்பும் மூன்றாண்டுக்கு மேல் கூடாது என்றது. ஆகவே சர்க்கரையை மறைக்காதீர்கள். மறைத்தால் அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுப்பான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதையும் சேர்த்து எவனாவது ரசீது போட்டால் கேளுங்கள்.

பாலிசி இருந்தும் பணம் தர மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் பாதகமானாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இன்சூரன்சு குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போகவேண்டும். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.