உளவியல் படிக்க ஆசையா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் படிங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நம்ம ஊர்ப் பக்கம் எந்த பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பார்த்தாலும் அட்மிஷன் நோட்டீஸ்தான். நர்சிங், கேட்டரிங், கம்ப்யூட்டர் என்ற வழக்கமான வரிசையில் இப்போது ‘சைக்காலஜி’, ‘கவுன்சலிங்’ ஆகியவையும் சேர்ந்துவிட்டன. சாத்தான்குளத்தில் இருக்கும் ஒரு மாணவியோ, பத்து வருஷம் முன்னாடி படிப்பை விட்ட ஒரு அக்காவோ இதைப் பார்த்து, “நாமளும் படிச்சா என்ன?” என்று யோசிப்பது நல்ல விஷயம். வீட்டில் அம்மா கேட்கும் கேள்வியும் நியாயமானது: “ஏம்மா, இத படிச்சா என்ன வேலைக்குப் போவ?”

அந்தக் கேள்விக்கான பதில் நீங்கள் எந்தச் சான்றிதழ் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பீடி சுற்றியும் பனைத் தொழில் பார்த்தும் சேர்த்த காசைக் கட்டணமாகக் கட்டும் முன், அந்தச் சான்றிதழ் எதுவரை செல்லும் என்று தெரிந்துகொள்வோம்.

சமுதாயக் கல்லூரி யாருக்காக?

அமெரிக்காவில் 1901-லேயே இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே இரண்டு வருஷம் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு, பெற்ற மதிப்பெண் புள்ளிகளோடு பல்கலைக்கழகத்துக்கு மாறி மீதி இரண்டு வருஷத்தை முடித்துப் பட்டம் வாங்கலாம். உளவியல் அறிமுகப் பாடத்தை அப்படிப் படித்துவிட்டு மேலே போகிறவர்கள் அங்கே ஏராளம்.

நம் நாட்டில் கதை வேறு. 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள், படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் வேலை இல்லாதவர்களையும் மனதில் வைத்து உருவானவை. சென்னையில் இந்த முயற்சியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ். ஒரு தொழில் திறன், கொஞ்சம் வாழ்க்கைத் திறன், கொஞ்சம் நேரடிப் பயிற்சி என்பதே இதன் அமைப்பு. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியும் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது.

ஆகவே இங்கே ஒரு வருஷ டிப்ளமோ முடித்தால் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் தானாகவே இடம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். “மேலே படிக்கலாம்” என்று யாராவது சொன்னால், “எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே படித்தால் என்ன கிடைக்கும்?

நிறைய கிடைக்கும். ஒரு சின்ன உதாரணம். பரீட்சையில் தோற்ற பையன், “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்கிறான். நாம் உடனே, “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்போம். ஆறுதல் சொன்ன திருப்தி நமக்கு. அவனுக்கோ, நாம் கேட்கவே இல்லை என்று தோன்றும். பயிற்சி பெற்றவர், “இவ்வளவு படிச்சும் வரலியேன்னு மனசு ஒடஞ்சு போச்சா?” என்று அவன் சொன்னதையே திருப்பிக் கேட்பார். பிறகு பேசாமல் காத்திருப்பார். அப்போதுதான் பையன் மீதிக் கதையைச் சொல்வான்.

கேட்பதற்குத்தான் இந்தப் பயிற்சி. அங்கன்வாடிப் பணியாளர், விடுதிக் காப்பாளர், சுய உதவிக் குழு ஒருங்கிணைப்பாளர், ஆசிரியர், முதியோரைப் பார்த்துக்கொள்பவர் என மனிதர்களோடு வேலை செய்யும் யாருக்கும் ஒரு நல்ல குறுகிய காலப் படிப்பு உதவும். ஆனால் இருக்கும் வேலையை இன்னும் நன்றாகச் செய்யத்தான் அது கருவி. போர்டு மாட்டிக்கொண்டு ‘உளவியல் நிபுணர்’ என்று உட்காருவதற்கான உரிமம் ஆகாது.

2025-ல் வந்த மாற்றம்

“வீட்டிலிருந்தே தபால் வழியா சைக்காலஜி டிகிரி படிச்சிரலாம்லா?” என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகள் முன்புவரை அது முடிந்தது. இப்போது முடியாது.

2021-ல் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியல் தொழில்களும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அதை அடிப்படையாக வைத்து, உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து உள்ளிட்ட படிப்புகளைத் திறந்தநிலை, தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாது என்று யூஜிசி 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து இது அமலுக்கு வந்துவிட்டது. பல பாடங்கள் கொண்ட பி.ஏ. போன்ற படிப்பாக இருந்தால், அதில் உளவியல் பிரிவுக்கு மட்டும் அனுமதி போகும். மற்ற பிரிவுகள் தொடரும்.

அதனால் இனிமேல் யாராவது “தபால் வழி உளவியல் பட்டம், புது அட்மிஷன்” என்று சொன்னால் பணத்தை எடுக்காதீங்க. அந்த ஆண்டுக்கான யூஜிசி அனுமதியைக் காட்டச் சொல்லுங்க.

படிகள் எத்தனை?

முதல் படி, வகுப்புக்குப் போய்ப் படிக்கும் மூன்றாண்டு இளநிலைப் பட்டம். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் உளவியல் துறை உண்டு. நம் பகுதியில் எந்தெந்தக் கல்லூரிகளுக்கு இந்த ஆண்டு உளவியல் நடத்த அனுமதி இருக்கிறது என்பதை அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ்தான் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை: உளவியல் என்றால் முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது என்று நினைத்துச் சேருபவர்களுக்கு முதல் வருஷமே அதிர்ச்சி காத்திருக்கும். நினைவாற்றல், கற்றல், மூளை, நரம்பு, அதோடு புள்ளியியல் கணக்கும் உண்டு. 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் அமைத்ததிலிருந்தே இது சோதித்துப் பார்க்கும் துறை. நம் நாட்டில் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் இதற்குத் தனித் துறை தொடங்கியது.

இரண்டாம் படி, இரண்டாண்டு முதுநிலைப் பட்டம். மனநோய் உள்ளவர்களைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் ஆக, அதற்கும் மேலே ஒரு படி வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதியும் அங்கே பதிவும் தேவை. இதுவரை இதற்கான முக்கிய வழி இரண்டாண்டு எம்.ஃபில். இப்போது அந்தப் படிப்புகளின் அமைப்பு மாறிவருவதால், சேரும் ஆண்டில் கவுன்சிலின் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஏன் இவ்வளவு கறார்?

எதிரே உட்கார்ந்திருப்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால்தான். மேலே சொன்ன அதே பையன், “செத்துடலாம்னு இருக்கு” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? பேச்சை மாற்றுவது தவறு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியே விடக் கூடாது. கூடவே இருந்து மனநல மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு.

ஆறு மாதம் படித்தவர் இதைத் தெரிந்துகொண்டு ஒப்படைத்தால் ஒரு உயிரைக் காப்பாற்றியவர் ஆகிறார். “நானே பேசிச் சரி பண்ணிடுவேன்” என்று வாரக்கணக்கில் தன்னிடமே வைத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆபத்தாகிறார். எந்த இடத்தில் நிறுத்தி யாரிடம் அனுப்புவது என்று சொல்லித்தராத படிப்பு, எத்தனை அழகான சான்றிதழ் கொடுத்தாலும் முழுமையில்லை. 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் சிறைத் தண்டனைகூட விதிக்கலாம்.

சேரும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்? பல்கலைக்கழகமா, ஏதாவது அறக்கட்டளையா?

2. இந்த ஆண்டுக்கான அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா?

3. பாடம் நடத்துபவரின் தகுதி என்ன?

4. நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில்?

5. பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

இதில் எதற்காவது, “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்தால், வெளியே வந்து ஒரு டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. அவசரமே இல்லை.

உதவித்தொகை, உதவி எண்கள்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய திட்டம் இது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. தொலைநிலைப் படிப்புக்கு இந்தத் தொகை கிடையாது. சமுதாயக் கல்லூரியில் சேருவதாக இருந்தால், அந்தப் படிப்புக்குப் பொருந்துமா என்று சேரும் முன்பே கேளுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வரும் முன்பே வாங்கி வைத்தால் அலைச்சல் மிச்சம்.

கடைசியாக இரண்டு எண்கள். பள்ளிக் கல்வி பற்றியும் அடுத்து என்ன படிக்கலாம் என்பது பற்றியும் வழிகாட்டுதல் வேண்டுமானால் 14417. மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இரண்டையும் போனில் சேமித்து வையுங்க. உளவியல் படிக்கப் போறவங்களுக்கு மட்டும் இல்ல, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது தேவைப்படும்.