வி.ஐ.பி. போனார்... ஷூ வந்துச்சா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேட்டுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்... ஷூ சைஸ் கொஞ்சம் பிசகினாலும் ரிஜக்ட்தான்! அதே ஷூ, சியாச்சின் பனிமலையில உயிர்ப் பிரச்னை. மைனஸ் 50 டிகிரி குளிர்ல, 1984-லேர்ந்து நம்ம ராணுவம் காவல் காக்கிற இடம் அது.

தலைவர்கள் அங்கே போனா கைகுலுக்கல், ஸ்வீட், போட்டோ... அவ்வளவுதானா?

2004 ஏப்ரல்ல கலாம் போனார். சியாச்சின் போன முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். வீரர்களுக்கு அது பெரிய தெம்பு. ஆனா, 1998-ல் பாதுகாப்பு அமைச்சரான ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் செஞ்சதுதான் சூப்பர். பனியில ஓட்டுற ஸ்கூட்டர் வாங்குற ஃபைலை டெல்லி அதிகாரிகள் இழுத்தடிக்க, அவங்களையே சியாச்சினுக்கு அனுப்பிட்டார்! குளிர் உறைச்சதும் ஃபைல் நகர்ந்துச்சு.

நமக்கென்னன்னு இருக்க முடியாது. கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்குப் போற ஊர் நம்ம வேலூர் பக்கம்தான் இருக்கு. 2016 பிப்ரவரியில சியாச்சின் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பலி வாங்குச்சு. நாலு பேர் தமிழ்நாடு. அதில் ஒருத்தர் வேலூர் மாவட்டம்.

பனிச்சரிவை ஷூ தடுக்காதுதான். ஆனா, 2015 நவம்பர்லேர்ந்து 2016 செப்டம்பர் வரை உயர்மலை வீரர்களுக்குப் புது ஷூ கிடைக்கலை, பழசையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாங்கன்னு 2020-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த தணிக்கை அறிக்கை சொல்லுச்சு. நிலைமை மாறிடுச்சுன்னு ராணுவம் பதில் சொன்னது.

அடுத்த தடவை ஒரு வி.ஐ.பி. எல்லைக்குப் போனா, அவரோட கூலிங் கிளாஸை விடுங்க. திரும்பி வந்ததும் எந்த ஃபைல் நகர்ந்துச்சுன்னு கேளுங்க!